எபிசோட் 31: தாகம் இல்லைன்னு அப்பா சொன்ன ரெண்டு நாள்

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சில் வரும் தடுமாற்றங்களை எடுத்துவிட்டோம். மற்றபடி பேசியது பேசியபடியே.)

இன்னைக்கு ஒரு சின்ன வேலையோட ஆரம்பிக்கலாம். இந்த எபிசோடை ஒரு நிமிஷம் நிறுத்திட்டு உங்க வீட்டு அடுக்களைக்குப் போங்க. கரண்ட் இல்லை, மோட்டார் ஓடாது, ஆர்.ஓ. வேலை செய்யாது, கேன் போடும் தம்பி வரமாட்டார்னு வச்சுக்கோங்க. இப்போ, இந்த நொடியில், உங்க வீட்டில் குடிக்கிற தண்ணி எத்தனை லிட்டர் இருக்கு? எண்ணிட்டு வாங்க. நான் இங்கேதான் இருப்பேன்.

எண்ணியாச்சா? இப்போ அதை வீட்டில் இருக்கிற ஆட்களால் வகுத்துப் பாருங்க. ஒருத்தருக்கு 4 லிட்டர் வந்தால் ஒரு நாள் தாங்கும். 12 லிட்டர் வந்தால் மூணு நாள். பெரும்பாலான ஃபிளாட்களில் ஒரு நாள் கணக்கே தேறாதுன்னு நினைக்கிறேன். எனக்கும் தேறலை. அதை எப்படித் தெரிஞ்சுக்கிட்டேன் என்கிறதுதான் இன்னைக்குக் கதை.

2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. மிக்ஜாம் புயல் வருதுன்னு எல்லா சேனலிலும் ஓடிக்கிட்டிருந்தது. நானும் என் ரூம்மேட்டும் பள்ளிக்கரணையில் ஒரு பழைய அபார்ட்மென்ட்டில் ரெண்டாவது மாடியில் வாடகைக்கு இருந்தோம். அந்த வாரம் அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு செக்கப். அப்பாவுக்கு வயசு 66, பத்து வருஷமா சுகர்.

சாயந்திரம் நான் கடைக்குப் போனேன். என்ன வாங்கினேன் தெரியுமா? நூடுல்ஸ் எட்டுப் பாக்கெட், பிரெட், சிப்ஸ், ஒரு டஜன் முட்டை, மெழுகுவர்த்தி. திரும்பி வந்து "நாம ரெடி"ன்னு இன்ஸ்டாவில் ஸ்டோரி வேற போட்டேன். நூடுல்ஸ் வேகிறதுக்கே தண்ணி வேணும் என்கிறது எனக்குத் தோணவே இல்லை. அப்பா மட்டும், "பாப்பா, குடத்துல தண்ணி புடிச்சு வெச்சிருக்கியா?"ன்னு கேட்டார். எங்க வீட்டில் குடமே இல்லை. "ஆர்.ஓ. இருக்குப்பா, கேன் வேற இருக்கு"ன்னு சொன்னேன். அவர் அதுக்கு மேல் எதுவும் கேட்கலை. மகள் வீட்டில் அப்பாக்கள் ரொம்பக் கேட்க மாட்டாங்க.

ராத்திரி முழுக்க மழை. திங்கட்கிழமை காலையில் எழுந்தால் கரண்ட் இல்லை, தெருவில் முழங்கால் அளவு தண்ணி. மதியத்துக்குள் இடுப்பளவு ஆச்சு. கீழ்த் தளத்தில் இருந்த ஒரு அக்கா, நாலு வயசுப் பையனைத் தூக்கிக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்துட்டாங்க. அவங்க வீட்டுக்காரர் வேலைக்குப் போன இடத்திலேயே மாட்டிக்கிட்டார். ஆக, மூணு பேர் இருந்த வீட்டில் இப்போ அஞ்சு பேர்.

எங்ககிட்ட இருந்த தண்ணிக் கணக்கை இப்போ சொல்றேன். அன்னைக்கு நான் எண்ணலை. பல நாள் கழிச்சுதான் உட்கார்ந்து எண்ணினேன். பாதி காலியான கேனில் 10 லிட்டர். ஆர்.ஓ. டேங்கில் 7 லிட்டர். ஃபிரிட்ஜில் ரெண்டு பாட்டில், 2 லிட்டர். மொத்தம் 19. அஞ்சு பேருக்கு ஆளுக்கு 4 லிட்டர்னு வச்சா ஒரு நாளைக்கே 20 வேணும். ஒரே ஒரு நாளுக்குக் கூட ஒரு லிட்டர் குறைச்சல்.

இது தெரியாம காலையில் டீ போட்டோம். மதியம் சோறு வச்சோம். சாயந்திரம் நூடுல்ஸ். தட்டைக்கூட கேன் தண்ணியில் அலசினோம். ஏன்னா மாடித் தொட்டியில் இருந்த தண்ணியைப் பன்னிரண்டு வீடும் பக்கெட் பக்கெட்டாப் பிடிச்சதில், திங்கள் மத்தியானத்துக்குள் குழாயில் காத்துதான் வந்தது.

செவ்வாய் காலையில் மழை விட்டிருந்தது. எல்லாருக்கும் நிம்மதி. ஆனா தெருவில் நின்ன தண்ணி இறங்கலை. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைச் சுத்தி வீடு கட்டிட்டு அது இறங்கும்னு எதிர்பார்த்தால் எப்படி? தென்சென்னையின் மழைத்தண்ணி வந்து சேர்ற தாழ்வான இடமே அதுதான். 2022ல் ராம்சர் ஈரநிலமா அறிவிச்சாங்க. நாம அதுக்குப் பல வருஷம் முன்னாடியே ஃபிளாட் அறிவிச்சுட்டோம்.

செவ்வாய் மதியம் கேனைச் சாய்ச்சு ஊத்தும்போதுதான் எனக்கு முதல்தடவையா பயம் வந்தது. 4 லிட்டர் இருந்திருக்கும். "இனிமே டீ கிடையாது, ஆளுக்கு ஒரு டம்ளர், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை"ன்னு நான் சட்டம் போட்டேன். ரொம்பப் பொறுப்பா நடந்துக்கிறதா நினைப்பு வேற. அப்பாவுக்கு டம்ளரைக் கொடுத்தால் வாங்கிக்குவார். "எனக்குத் தாகமே இல்ல பாப்பா, குளிருல யாருக்குத் தண்ணி கேக்கும்"னு சொல்லிக்கிட்டே வாங்குவார். நானும் அடுத்த ஆளுக்கு ஊத்தப் போயிடுவேன்.

புதன்கிழமை விடிகாலையில் பாத்ரூம் வாசலில் அப்பா விழுந்து கிடந்தார்.

நினைவு இருந்தது. ஆனா பேச்சு குழறியது. உதடு வெடிச்சு, நாக்கு காஞ்சு, தோலைக் கிள்ளினால் அப்படியே நின்னது. மீனவர்கள் படகு தெருவில் வந்துக்கிட்டிருந்தது. அவங்கதான் அப்பாவை மாடிப்படியிலிருந்து தூக்கிப் படகில் உட்கார வச்சு மெயின் ரோடு வரைக்கும் கொண்டுவந்து விட்டாங்க. அங்கிருந்து ஆட்டோ. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எப்போ யூரின் போனார்?" எனக்குப் பதில் தெரியலை. ஒரே வீட்டில் ரெண்டு நாளா கூடவே இருந்தும் தெரியலை.

உடம்பில் தண்ணி வத்திப்போய் சிறுநீரகத்தின் அளவுகள் எல்லாம் ஏறியிருந்தது. சுகர் ஏறினால் உடம்பு சிறுநீர் வழியா இன்னும் அதிகமாத் தண்ணியை வெளியே தள்ளும். அதோட குடிக்கவும் இல்லைன்னா இப்படித்தான் ஆகும்னு டாக்டர் சொன்னார். நாலு நாள் டிரிப்ஸ். சரியாகிட்டார். இப்போ நல்லா இருக்கார். அதைச் சொல்லிட்டுதான் மேலே போகணும், ஏன்னா சிலர் பாதியிலேயே பயந்து ஆஃப் பண்ணிடுவீங்க.

அந்த அக்கா பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்தப்போ சொன்னாங்க. "அங்கிள் டம்ளரை வாங்கி வெச்சிக்கிட்டு, நீ அந்தப் பக்கம் போனதும் என் பையனோட பாட்டில்ல ஊத்திடுவாரும்மா. நான் வேணாம்னுதான் சொன்னேன். புள்ளைக்கு வேணும்லன்னாரு." பையனோட கார்ட்டூன் பாட்டில் ஏன் காலியாகவே இல்லைன்னு நான் யோசிச்சதே இல்லை.

சரி. இதில் நான் பண்ணின தப்பு என்னன்னு ஒவ்வொண்ணாப் பார்க்கலாம். உங்களுக்கு உபயோகப்படும்.

முதல் தப்பு: குடிதண்ணிக்கு ரேஷன் போட்டது. பேரிடர் காலத்துக்கான அமெரிக்க அரசின் வழிகாட்டுதல்களில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும். அதிகாரிகள் சொன்னால் தவிர, குடிக்கிற தண்ணியை அளந்து குறைக்காதீங்க. இன்னைக்கு உடம்புக்கு வேண்டியதைக் குடிங்க, நாளைக்கு வேண்டியதைத் தேடுங்க. படிச்சப்போ எனக்கு ஆச்சரியமா இருந்தது. ஆனா யோசிச்சுப் பாருங்க, ரேஷன்னு அறிவிச்ச உடனே வீட்டில் யார் முதலில் விட்டுக்கொடுப்பாங்க? வயசானவங்க. அம்மாக்கள். விருந்தாளியா வந்தவங்க. யாருக்கு உடம்பு தாங்காதோ, அவங்கதான் "எனக்கு வேணாம்"னு முதலில் சொல்வாங்க. குறைக்கணும்னா பாத்திரம் கழுவுறதைக் குறைங்க, சமைக்கிறதைக் குறைங்க. குடிக்கிறதைக் குறைக்காதீங்க.

ரெண்டாவது தப்பு: தண்ணி எங்கிருந்து வருதுன்னு யோசிக்காதது. நம்ம ஃபிளாட்டுக்குத் தண்ணி எப்படி வருது? மெட்ரோ வாட்டரோ போரோ லாரியோ, முதலில் கீழே சம்ப்புக்கு வரும். மோட்டார் அதை மாடித் தொட்டிக்கு ஏத்தும். அங்கிருந்து குழாய். குழாயிலிருந்து ஆர்.ஓ. இதில் மோட்டாருக்குக் கரண்ட் வேணும், ஆர்.ஓ.வுக்குக் கரண்ட் வேணும். வெள்ளம் வந்தால் சம்ப்புக்குள் சாக்கடை கலக்கும். நாலு இடத்தில் அறுந்துபோகக்கூடிய ஒரு கயிறு அது. நம்ம கையில் உறுதியா இருக்கிறது, ஏற்கெனவே வீட்டுக்குள் பிடிச்சு வச்ச தண்ணி மட்டும்தான்.

மூணாவது தப்பு, இதை நினைச்சால் எனக்கு இன்னும் சிரிப்பும் அழுகையும் வரும். திங்கட்கிழமை பூரா வானத்திலிருந்து தண்ணி கொட்டுச்சு. நாங்க ஒரு பக்கெட் கூட வெளியே வைக்கலை. தமிழ்நாட்டில் 2003லயே எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினாங்க. எங்க பில்டிங்கிலும் மாடியிலிருந்து குழாய் இறங்கும். அதுக்கு அடியில் ஒரு டிரம் வச்சிருந்தால் ஃபிளஷ் பண்ண, துணி அலச, பாத்திரம் கழுவத் தண்ணி இருந்திருக்கும். சுத்தமான அண்டாவை மொட்டை மாடியில் திறந்து வச்சுப் பிடிச்ச மழைத்தண்ணியைக் கொதிக்க வச்சுக் குடிச்சிருக்கலாம். கேஸ் சிலிண்டர் இருந்தது. புத்திதான் இல்லை. செவ்வாய்க்கிழமை எங்களுக்கு யோசனை வந்தப்போ வானம் வெளுத்திருந்தது.

இப்போ கணக்குக்கு வரலாம். எவ்வளவு தண்ணி வேணும்?

அமெரிக்காவில் ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன்னு சொல்வாங்க, அதாவது 3.8 லிட்டர் சுமார். ஜப்பானில் 3 லிட்டர். குடிக்கிறதும் கொஞ்சம் சமைக்கிறதும் இதில் அடங்கும். நம்ம ஊர் வெக்கைக்கு நான் 4 லிட்டர்னு வச்சுக்கிறேன். குறைஞ்சது மூணு நாளைக்கு. முடிஞ்சால் ஒரு வாரத்துக்கு. குளிக்க, கழுவ எல்லாம் சேர்த்தால் ஒருத்தருக்கு நாளைக்கு 15 லிட்டர்னு உலக அளவில் நிவாரண முகாம்களுக்கு ஒரு அளவு வச்சிருக்காங்க. அந்த மீதித் தண்ணி குடிக்கிற தரத்தில் இருக்கணும்னு இல்லை. பக்கெட்டில் பிடிச்சது போதும்.

ஆட்களை எண்ணும்போது உங்க வீட்டு ஆட்களை மட்டும் எண்ணாதீங்க. நீங்க மாடியில் இருந்தால் கீழ் வீட்டுக்காரங்க மேலே வருவாங்க. வரணும். அவங்களையும் சேர்த்து எண்ணுங்க. எங்க வீட்டுக்கு இப்போ என் கணக்கு இது: நான், ரூம்மேட், அப்பா வந்தால் அப்பா, வரப்போற ரெண்டு பேர். அஞ்சு பேர், 4 லிட்டர், மூணு நாள். 60 லிட்டர். அதாவது மூணு கேன். அவ்வளவுதான்! பெரிய விஷயமே இல்லை.

எப்படி வைக்கிறது? ஜப்பானில் 'ரோலிங் ஸ்டாக்'னு ஒரு முறை உண்டு. அவசரத்துக்குன்னு தனியா வாங்கிப் பரணில் போட்டு மறந்துடுறது கிடையாது. தினசரி உபயோகிக்கிறதையே கொஞ்சம் கூடுதலா வாங்கி, பழசை முதலில் தீர்த்து, தீர்ந்த அளவுக்குப் புதுசு வாங்கி வச்சுக்கிட்டே இருக்கிறது. நம்ம ஊர் மளிகைக் கடைக்காரர் பழைய ஸ்டாக்கை முன்னாடி தள்ளி வைப்பார் இல்லையா, அதேதான்.

எங்க வீட்டில் முன்னாடி ஒரு கேன். இப்போ நாலு. ஒண்ணு ஸ்டாண்டில், மூணு கதவுக்குப் பின்னாடி வரிசையில். ஸ்டாண்டில் இருக்கிறது தீர்ந்தால் வரிசையில் பழசை எடுக்கணும். அன்னைக்கே ஒண்ணு ஆர்டர் பண்ணணும். மார்க்கரில் வந்த தேதியை எழுதிடுவோம். ரெண்டு பேருக்கு ஒரு கேன் மூணு நாள் வரும். அதனால் எந்தக் கேனும் ரெண்டு வாரத்துக்கு மேல் நிக்காது. எங்க ஏரியாவில் டெபாசிட் 200, தண்ணி 40. மூணு கேனுக்கு 720 ரூபாய். புயலுக்கு முந்தின நாள் நான் வாங்கின நொறுக்குத்தீனி பில்லைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அதிலும் 600 ரூபாய் டெபாசிட், வீடு காலி பண்ணும்போது திரும்பக் கிடைக்கும்.

சில விஷயங்கள் கவனிங்க. கேன் 20 கிலோ எடை. பரணில் ஏத்தாதீங்க, தரையில் சுவரோரமா வைங்க. கீழ்த் தளத்தில் இருக்கிறவங்க மட்டும் புயல் செய்தி வந்த உடனே மேசை மேலே ஏத்திடுங்க. வெயில் படுற பால்கனி வேண்டாம். ஃபினாயில், பெட்ரோல், கொசு மருந்து பக்கத்தில் வேண்டாம். சீல் உடைஞ்ச கேனை வாங்காதீங்க. லேபிளில் தேதி பாருங்க. சார்ஜ் போடுற பம்ப் வச்சிருந்தால், கையால் அழுத்துற பம்ப் ஒண்ணும் வாங்கி வைங்க.

கேன் வேண்டாம், வீட்டுத் தண்ணியையே பிடிச்சு வைக்கிறேன்னு சொல்றவங்களுக்கு: மூடி இருக்கிற எவர்சில்வர் பாத்திரம், குடம், உணவுக்குன்னே செஞ்ச பிளாஸ்டிக் டிரம் எதுவும் சரி. பெயின்ட் டப்பா, கெமிக்கல் வந்த நீல டிரம் எவ்வளவு கழுவினாலும் குடிதண்ணிக்கு வேண்டாம். இன்னொண்ணு: ஆர்.ஓ. தண்ணியில் குளோரின் இருக்காது. அதனால் திறந்து மூடிக்கிட்டே இருந்தால் கிருமி வளரும். வாரம் ஒரு தடவை அதை உபயோகிச்சுட்டுப் புதுசாப் பிடிங்க.

வாரம் ஒரு தடவைன்னு சொல்றதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. டெங்கு. ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடையைவிட நம்ம வீட்டுச் சுத்தமான தண்ணிதான் பிடிக்கும். முட்டையைப் பாத்திரத்தோட உள்பக்கச் சுவரில் ஒட்டி வைக்கும். முட்டையிலிருந்து கொசுவாகச் சுமார் ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் தண்ணியை மாத்தினால் மட்டும் போதாது. நாரால் உள்பக்கத்தைத் தேய்ச்சுக் கழுவணும், இறுக்கமா மூடணும். தண்ணி சேர்த்து வச்சு வீட்டில் எல்லாருக்கும் டெங்கு வந்தால் நான் பொறுப்பில்லை!

புயல் செய்தி வந்த உடனே, கரண்ட் போறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது தனி. ஆர்.ஓ. டேங்கை நிரப்பி, அதிலிருந்து பாத்திரங்களில் பிடிச்சு, மறுபடி நிரப்புங்க. மாடித் தொட்டியை நிரப்பச் சொல்லுங்க. தெருவில் தண்ணி ஏற ஆரம்பிச்சால் மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்க. சம்ப்பில் சாக்கடை கலந்த பிறகு மோட்டார் போட்டால் அந்தத் தண்ணி மாடித் தொட்டிக்கும் ஏறி, இருக்கிற நல்ல தண்ணியும் போயிடும்.

சந்தேகமான தண்ணிதான் இருக்குன்னா? முதலில் வேட்டித் துணியை ரெண்டு மூணு மடிப்பா மடிச்சு வடிகட்டுங்க. பிறகு கொதிக்க வைங்க. தளபுளன்னு கொதி வந்த பிறகு முழுசா ஒரு நிமிஷம். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி உயரமான இடத்தில் மூணு நிமிஷம். கேஸ் இல்லைன்னா மருந்துக் கடையில் கிடைக்கிற குளோரின் மாத்திரை. அட்டையில் எழுதியிருக்கிற அளவு, அரை மணி நேரம் காத்திருக்கணும். பாத்ரூம் கழுவுற வாசனைத் திரவத்தை அதுக்குப் பதிலா ஊத்திடாதீங்க. ஒரு எச்சரிக்கை: கொதிக்க வச்சால் கிருமி சாகும், பெட்ரோலும் கெமிக்கலும் போகாது. தெருவில் நிக்கிற வெள்ளத் தண்ணியை எதைச் செஞ்சும் குடிக்க வேண்டாம்.

தண்ணி தவிர வேற என்ன? நீண்ட பட்டியல் வேண்டாம். சமைக்காம, தண்ணி அதிகம் இல்லாம சாப்பிடுற பொருள்: அவல், பொரிகடலை, கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், பிஸ்கட். அவலைக் கொஞ்சம் தண்ணியில் நனைச்சால் போதும், நூடுல்ஸ் மாதிரி ஒரு பாத்திரம் கேட்காது. டார்ச், பவர் பேங்க். சில்லறை நோட்டா ஒரு ஆயிரம், ரெண்டாயிரம் ரூபாய். டவர் போனால் யு.பி.ஐ. போச்சு, கரண்ட் போனால் ஏ.டி.எம். போச்சு. தினம் சாப்பிடுற மாத்திரை ஒரு வாரத்துக்குக் கூடுதலா. இன்சுலின் போடுறவங்க கரண்ட் இல்லாதப்போ எப்படி வைக்கிறதுன்னு டாக்டரிடம் முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க. நாப்கின். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் அஞ்சாறு. பாக்கெட் இல்லைன்னா, ஒரு லிட்டர் சுத்தமான தண்ணிக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இது வயித்துப்போக்குக்கு. உப்பைக் கூட்டிடாதீங்க. சுகர் இருக்கிறவங்களுக்கு டாக்டரைக் கேட்டுக் கொடுங்க.

மாநகராட்சிக்கு 1913, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலத்துக்கு 1070. போனில் சேவ் பண்ணினால் பத்தாது. ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் மேலே ஒட்டுங்க. என் போன் செவ்வாய்க்கிழமையே செத்துப்போச்சு.

"இது பதுக்கல் இல்லையா?"ன்னு ஒரு தோழி கேட்டா. நியாயமான கேள்வி. புயலுக்கு முந்தின நாள் எல்லாரும் கடையில் விழுந்து அள்ளும்போது, கடைசியா வர்ற ஆளுக்குப் பால் பாக்கெட் கிடைக்காது. அன்னன்னைக்குக் கூலி வாங்கி அன்னன்னைக்கு வாங்குறவங்கதான் அந்தக் கடைசி ஆள். நம்மகிட்ட மாசச் சம்பளம் இருக்கு. செப்டம்பரிலேயே ஒவ்வொண்ணா வாங்கி வச்சுட்டா, வடகிழக்குப் பருவமழை வரும்போது அந்த வரிசையில் நாம நிக்க வேண்டியதில்லை. அந்தப் பால் பாக்கெட் அவங்களுக்குப் போகட்டும்.

மழைக்கு மட்டும் இல்லை. 2019 கோடை ஞாபகம் இருக்கா? பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலும் வத்திப்போய், ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணி வந்தது. 50 வேகன், ஒரு தடவைக்கு 25 லட்சம் லிட்டர். வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் நடுவில் இருக்கிற ஊரில்தான் நாம வாடகை கொடுத்துக்கிட்டிருக்கோம். வீட்டில் மூணு கேன் ரெண்டுக்கும் உதவும்.

கடைசியா ஒண்ணு. இப்போ எங்க வீட்டில் ஒரு விதி இருக்கு. கரண்ட் போய் ஆறு மணி நேரம் ஆச்சுன்னா, ஆளுக்கு ஒரு பாட்டில். பேர் எழுதி. டம்ளரில் ஊத்திக் கொடுக்கிறது கிடையாது. யார் பாட்டில் குறையலையோ அவங்ககிட்ட உட்கார்ந்து, அவங்க குடிக்கிற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது. போன வருஷம் அப்பா மறுபடி வந்தப்போ, அவர் பேர் எழுதின பாட்டிலைப் பார்த்துட்டு, "என்ன பாப்பா, ஸ்கூல் புள்ளை மாதிரி"ன்னு சிரிச்சார். அப்புறம் கதவுக்குப் பின்னாடி இருந்த கேன்களை எண்ணினார். நான் பார்க்கலைன்னு நினைச்சுக்கிட்டு ரெண்டு தடவை எண்ணினார்.

டம்ளர் விஷயத்தை இன்னைக்கு வரைக்கும் நான் அவர்கிட்ட கேட்கலை. அவரும் சொல்லலை. இந்த எபிசோடை அவர் கேட்பார்னு நினைக்கிறேன். அப்பா, கேட்டீங்கன்னா, தண்ணி இருக்குப்பா. எல்லாருக்கும் இருக்கு. நீங்க குடிங்க.

மக்களே, இன்னைக்கு ராத்திரி ஒரு கேன் கூடுதலா ஆர்டர் பண்ணுங்க. தேதி எழுதுங்க. ஊரில் இருக்கிற அம்மா அப்பாவுக்கு போன் போட்டு, "வீட்ல எத்தனை லிட்டர் இருக்கு"ன்னு கேளுங்க. அவங்க ஊரில் பெரும்பாலும் ரெண்டு குடமும் ஒரு தவலையும் நிறைஞ்சுதான் இருக்கும். திரும்ப அவங்க, "உன் வீட்ல?"ன்னு கேட்பாங்க. அதுக்கு ஒரு நல்ல பதிலோட போன் பண்ணுங்க.

அடுத்த வாரம் சந்திக்கலாம்.